கைப்பற்றப்பட்ட ஊதுபத்தி

அத்தியாயம் 9

வாக்குமூலத்தில் ஓர் ஊதுபத்தி இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

வியாழக்கிழமை, காலை ஒன்பதரை மணி. என் மேஜையில் மூன்று காகிதங்கள். முதலாவது அன்றைய நாளிதழ். முதல் பக்கத்தில் ஒரு லிப்ட் மெக்கானிக்கின் படம். ‘தங்கையின் கணவரைக் கொன்றது ஏன்? பரபரப்பு வாக்குமூலம்’. இரண்டாவது, போலீஸ் ஸ்டேஷனில் எழுதப்பட்ட அதே வாக்குமூலத்தின் நகல். வக்கீல் வாங்கி அனுப்பியிருந்தார். நீல மை, அச்சில் வார்த்தது போன்ற கையெழுத்து. மூன்றாவது, மெக்கானிக்கின் அறையிலிருந்து கைப்பற்றிய பொருள்களின் பட்டியல். கத்தி ஒன்று. சட்டை ஒன்று. ஊதுபத்திக் கட்டு ஒன்று, புதியது, பிரிக்கப்படாதது.

எதிரே உட்கார்ந்திருந்தவள் இரண்டு பக்கமும் பறிகொடுத்தவள். செத்துப்போன போட்டோக்காரர் அவள் கணவர். கொன்றதாகச் சொல்லப்படுபவன் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கழுத்தளவு வெட்டிய முடி. மூன்று நாளாகத் தூங்காத கண்கள். குரல் மட்டும் நடுங்கவில்லை.

“நாலு மணிக்கு அண்ணன மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்துறாங்க சார். ‘இது நீயா சொன்னதா’ன்னு கேப்பாங்களாம். ஆமான்னுட்டா அதோட முடிஞ்சுதுன்னு வக்கீல் சொல்றார்.”

“இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே?” என்றாள் ஸ்டெனோ அக்கா.

“அதான் புரியல. நேத்து சாயங்காலம் பாக்கப் போனேன். என் முகத்தையே பாக்காம, ‘நான்தான் செஞ்சேன், வீட்டுக்குப் போ பாப்பா’ங்கறான். அடி வாங்கினவன் மாதிரியும் இல்ல. தீர்மானம் பண்ணினவன் மாதிரி சொல்றான்.”

என் துப்பறியும் அலுவலகத்தில் ஸ்டெனோ அக்காதான் உதவியாளர். இருபத்திரண்டு வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதியவள். சாட்சி சொல்லாத ஒரு வரியைச் சேர்க்கும்படி ஒரு நீதிபதி சொன்னபோது, ‘சாட்சிய வரச் சொல்லுங்க, சொல்லட்டும், எழுதறேன்’ என்று பேனாவை மூடிவைத்துவிட்டு வந்தவள். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள். நான் பேசாத பேச்சையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

போட்டோக்காரரை ஏன் கொன்றார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு கார் நடைபாதையில் ஏறி இரண்டு பேர் செத்தார்கள். ஓட்டியவன் அமைச்சரின் மகன். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பதைப் போட்டோக்காரர் படமெடுத்தார். இந்த நாளிதழுக்காகத்தான் எடுத்தார். படம் வரவில்லை. மறுநாள் அமைச்சர் வீட்டு டிரைவரின் முகமும் அவனுடைய வாக்குமூலமும் வந்தன. போட்டோக்காரர் படத்தை எடுத்துக்கொண்டு வேறு இடம் தேட ஆரம்பித்தார். திங்கட்கிழமை மதியம் அவருடைய ஸ்டூடியோவில் கத்திக்குத்து. கேமராவையும் கம்ப்யூட்டரையும் காணோம்.

நாளிதழின் முதலாளியும் அமைச்சரும் சம்பந்திகள். அந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவர் நகரப் போலீஸ் கமிஷனர். இவ்வளவும் தெரிந்ததுதான். நிரூபிக்கத்தான் ஒன்றும் இல்லை.

“வீட்டுல ஊதுபத்தி ஏத்துவீங்களா?” என்று கேட்டேன்.

“இல்ல சார். இவருக்கு இழுப்பு. வாசன சோப்புகூட ஆகாது.”

“உங்க அண்ணன்?”

“ஒண்டிக்கட்ட. அவன் ரூம்ல கிரீஸ் வாசனதான்.”

ஸ்டெனோ அக்கா நகலைக் கையிலெடுத்தாள். கோர்ட்டில் வாசிக்கும் குரலில் வாசித்தாள்.

“‘மதியம் ஒன்றரை மணிக்கு ஸ்டூடியோவுக்குச் சென்றேன். கதவு திறந்திருந்தது. புதுப் பத்தி. என் மைத்துனர் நாற்காலியில் அமர்ந்திருந்தார். குடும்பத் தகராறு குறித்து எங்களுக்குள் வாக்குவாதம் ஏற்பட்டது. ஆத்திரமடைந்த நான் கத்தியால் குத்தினேன். புதுப் பத்தி. பின்னர் சட்டையை மாற்றிக்கொண்டு வீடு திரும்பினேன்.’ ஏன் தம்பி, எந்த மெக்கானிக் ஆத்திரமடைவான்? அவனுக்குக் கோவம்தான் வரும்.”

அக்கா மறுபடி அந்த வரிகளின் மேல் விரலை ஓட்டினாள்.

“குத்தறதுக்கு முன்னால ஒரு பத்தி, குத்தினப்புறம் ஒரு பத்தி. ரொம்ப பக்திமான் போல.”

சொல்லிவிட்டு அவளே நிறுத்திக்கொண்டாள். நாளிதழை இழுத்து நகலுக்குப் பக்கத்தில் வைத்தாள். வாக்குமூலத்தை ஒரு வார்த்தை விடாமல் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். ஊதுபத்தியை மட்டும் காணவில்லை. ‘கதவு திறந்திருந்தது’ என்று ஒரு வரி முடிந்தது. ‘என் மைத்துனர்’ என்று அடுத்த வரி கொஞ்சம் உள்ளே தள்ளி ஆரம்பித்தது. ‘குத்தினேன்’ என்று முடிந்தது. ‘பின்னர்’ என்பது மறுபடி உள்ளே தள்ளி.

“பாரா,” என்றாள் அக்கா மெதுவாக. “அடப்பாவி, புது பாரா! தம்பி, யாரோ வாசிக்க வாசிக்க எழுதியிருக்காங்க இத. வாசிச்சவன் இடையில ‘புதுப் பத்தி’ன்னு சொல்லியிருக்கான். எழுதின மகராசன் அதையும் சேத்து எழுதிட்டான்.”

“இன்ஸ்பெக்டர் படிச்சிருப்பார்,” என்றேன். “வாக்குமூலத்துல பத்தி இருக்கு, பொருள் எங்கன்னு கேட்டிருப்பார்.”

“கடைக்கு ஆள் போயிருக்கும். அதான் பிரிக்காத கட்டு.” அக்கா ஒருமுறை சிரித்தாள். எதிரே இருந்தவள் சிரிக்காததைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். “ஆனா பாராவப் பத்தின்னு எவன் சொல்றான்? கோர்ட்டுல பாரா. ஸ்டேஷன்ல பாரா. வாத்தியார்கூட பாடத்துல பத்தின்னு படிச்சிட்டு, பேசும்போது பாராதான்.”

“அந்தப் பேப்பர் ஆபீஸுல சொல்லுவாங்க,” என்றாள் போட்டோக்காரரின் மனைவி. “இங்கிலீஷ் வார்த்த வாயில வந்தா அன்னிக்குப் பூரா நின்னுக்கிட்டே வேல பாக்கணும். மொதலாளி போட்ட சட்டம். இவர் போட்டோன்னு சொல்லிட்டு மூணு தடவ நின்னிருக்கார். நிழற்படம்னு சொல்லணுமாம்.”

ஆக, பத்திரிகை போலீஸிடமிருந்து வாக்குமூலத்தை வாங்கிப் போடவில்லை. போலீஸ்தான் பத்திரிகையிடமிருந்து வாங்கியிருந்தது.

*

ஸ்டேஷனுக்குப் போனபோது பதினொரு மணி. அவளைத் தெருவின் எதிர்ப்பக்கம் காரிலேயே இருக்கச் சொன்னேன்.

இந்த எழுத்துக்குச் சொந்தக்காரர் பின்கட்டில், ஆவண அறையில் உட்கார்ந்து கோப்புகளுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ மிச்சமிருக்கும். காதில் பென்சில். விரலில் நீல மை.

“ரைட்டர் சார் சௌக்கியமா?” என்றாள் அக்கா. “கையெழுத்து இன்னும் முத்து முத்தாத்தான் இருக்கு.”

“ஸ்டெனோம்மாவா? எங்க இந்தப் பக்கம்?”

“ஊதுபத்தி வாங்க வந்தேன்.”

அவர் முகத்தில் விரிந்த சிரிப்பு ஒவ்வொரு பல்லாக மூடிக்கொண்டது.

“எந்தக் கடைல வாங்கினீங்க? வாசன நல்லா இருக்கா?”

“போங்கம்மா. எனக்கு வேல கெடக்கு.”

“எனக்கும்தான். நாலு மணிக்கு எங்க வக்கீல் எழுந்து நிப்பார். பத்திய எடுத்தது யாருன்னு கேப்பார். பட்டியல்ல உங்க பேரு. வாக்குமூலம் யார் எழுதினதும்பார். உங்க கையெழுத்து. இன்ஸ்பெக்டர் பேரு எங்கயாவது இருக்கான்னு நானும் கண்ணாடி போட்டுத் தேடினேன். கெடைக்கல.”

எழுத்தர் என்னைப் பார்த்தார். “சார் பேச மாட்டாரா?”

“அவர் வாயத் தொறந்தா அது உங்களுக்கு நல்லதா இருக்காது. நான் பேசறதே மேல்.”

அவர் ஊசியைக் கோப்பில் குத்தி வைத்தார். கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“முப்பத்தோரு வருஷம்மா. சொன்னத எழுதணும். கூட்டக் கூடாது, கொறைக்கக் கூடாது. அப்படித்தான் எழுதினேன்.”

“முற்றுப்புள்ளின்னு சொன்னப்ப மட்டும் புள்ளி வெச்சீங்க?”

“அது எனக்குத் தெரியும்ல! பத்தின்னா பத்திதானேம்மா? பாரான்னு சொல்லியிருந்தா நான் எழுதுவேனா? இத்தன வருஷத்துல ஒருத்தன் என் எழுத்துல ஒரு தப்புக் கண்டுபிடிச்சதில்ல.” அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. பொய் வாக்குமூலம் எழுதியதற்காக அல்ல. தப்பாக எழுதியதற்காக.

“வாசிச்சது யாரு?”

“தெரியாது. இன்ஸ்பெக்டர் போன ஸ்பீக்கர்ல போட்டு மேஜைல வெச்சிட்டார். ரேடியோல நியூஸ் சொல்ற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.”

“எத்தன மணிக்கு?”

“எதக் கேக்கறீங்க? மொத தடவையா, ரெண்டாந்தடவையா?”

கேட்ட பிறகுதான் என்ன கேட்டுவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. அக்கா வாயே திறக்கவில்லை. அவள் சும்மா இருப்பது அபூர்வம்.

“ரெண்டு தடவையா?” என்றேன் நான்.

எழுத்தர் விரல் மையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “நேத்து மத்தியானம் பன்னண்டு மணிக்கு ஒண்ணு. சாயங்காலம் நாலு மணிக்கு ஒண்ணு. மொதல்ல எழுதினத இன்ஸ்பெக்டர் பீரோல வெச்சுப் பூட்டிட்டார். அதுல இந்த ஆள் பேரு இல்ல.”

“யார் பேரு?”

“செத்தவரோட சம்சாரம் பேரு.”

ஜன்னல் வழியாகத் தெரு தெரிந்தது. காருக்குள் அவள் மடியில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“அப்புறம் ஏன் மாத்தினாங்க?” என்றாள் அக்கா.

“மாத்தினாங்களான்னு எனக்குத் தெரியாது. ரெண்டு மணி சுமாருக்கு ஒரு ஆள் பெரிய கவர் ஒண்ணு கொண்டாந்தான். இன்ஸ்பெக்டர் பிரிச்சுப் பாத்தார். உள்ள நியூஸ் பேப்பர், ஒரே ஒரு தாள். நாளைக்குப் பேப்பர் இன்னிக்கே வந்துடுச்சான்னு நெனச்சேன். அத எடுத்துக்கிட்டு லாக்கப்புக்குள்ள போனார். அஞ்சு நிமிஷம் இருக்கும். வெளிய வந்து, ‘சரிங்கறான்’னு போன்ல சொன்னார். அப்புறம்தான் ரெண்டாவது.”

“அடிச்சாங்களா?”

“விரல் படலம்மா,” என்றார் எழுத்தர். “அவசியம் வரல.”

*

காரில் ஏறியதும் அக்கா பின்சீட்டில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கேட்டதை அப்படியே சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. மறைத்தால் மட்டும் வலி குறையப்போவதில்லை.

அவள் ஜன்னல் வழியாக ஸ்டேஷனைப் பார்த்தாள். பிறகு சம்பந்தமில்லாமல், “இவர் சட்ட ஒண்ணு அழுக்குக் கூடைல கெடக்கு சார். தோய்க்கலாம்னு எடுக்கறேன். திரும்ப அங்கயே போட்டுடறேன்,” என்றாள்.

“தோய்க்காதீங்க,” என்றேன்.

அவள் காரணம் கேட்கவில்லை.

“அந்தப் பேப்பர் ஆபீஸுல உங்க வீட்டுக்காரருக்குச் சிநேகிதர் யாராவது?” என்றாள் அக்கா.

“ஒருத்தர் இருக்கார். பக்கம் போடறவர். இவர் எடுக்கற படத்த அவர்தான் பக்கத்துல வெப்பார். பதினோரு வருஷப் பழக்கம். இவர் போனதுக்கு அவர் வரல.”

பக்கம் போடுபவருக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. மூன்றாவது மாடி. கதவைத் திறந்தபோது கையில் சூடான இஸ்திரிப் பெட்டி. எங்களைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்தார். ஓர் அடி பின்னால் போனார்.

“அண்ணே,” என்றாள் அவள். “அன்னிக்கு உங்களத் தேடினேன்.”

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். உள்ளே போனார். மெத்தையைத் தூக்கும் சத்தம் கேட்டது. நாலாக மடித்த பெரிய தாள் ஒன்றைக் கொண்டுவந்து, பாதி தேய்த்த சட்டையின் மேலேயே விரித்தார். நாளிதழின் முதல் பக்கம். குறுக்கே ஆழமாக மடிந்து, கசங்கியிருந்தது.

‘கணவரைக் கொன்ற மனைவி கைது! பரிசோதனைக்கூட ஊழியர் பரபரப்பு வாக்குமூலம்.’

கீழே அவள் படம். சிரித்துக்கொண்டிருந்தாள். கசங்கல் சரியாக முகத்தின் நடுவே ஓடியது.

“நேத்து மத்தியானம் ஆசிரியர் கூப்ட்டார். ஒரே ஒரு பிரதி வேணும்னார். நெஜப் பேப்பர் மாதிரியே இருக்கணும், பத்திரிகை அடிக்கற தாளையே மெஷின்ல சொருகி எடுன்னார். மொதத் தாள் சிக்கி மடங்கிடுச்சு. ரெண்டாவது நல்லா வந்துது. அத விளிம்பு வெட்டி கவர்ல போட்டு எடுத்துட்டுப் போனாங்க. இத கிழிச்சுப் போடச் சொன்னாங்க. நான் சட்டைக்குள்ள வெச்சுக் கொண்டாந்துட்டேன்.”

வெட்டாத விளிம்பில் மெஷினே அடித்த சின்ன எழுத்துகள். புதன்கிழமை, தேதி, மணி 1.10.

“ஒரு பிரதிய வெச்சு என்ன பண்ணுவாங்கன்னு நீங்க கேக்கலயா?” என்றாள் அக்கா.

“கேக்கலம்மா. காலைல அந்தப் பேப்பர்… எங்க பேப்பர்ல அவங்க அண்ணன் மொகத்தப் பாத்தப்புறம்தான் புரிஞ்சுது.”

அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. லட்சக்கணக்கில் அச்சாகும் பத்திரிகை ஒரு நாள் ஒரே ஒரு வாசகனுக்காக அச்சாகியிருந்தது. லாக்கப்பில் இருந்த வாசகனுக்காக. தங்கையா, நீயா என்று கேட்டிருக்கிறார்கள். அவன் ஐந்து நிமிடத்தில் படித்து முடித்திருக்கிறான்.

“அடிச்சிருந்தா தாங்கியிருப்பான்,” என்றாள் அக்கா. வழக்கமான கிண்டல் ஒன்றும் பின்னால் வரவில்லை.

போட்டோக்காரரின் மனைவி பக்கத்தை முழுவதும் படித்தாள். ஒரு வரி விடவில்லை. பிறகு படத்தின் மேல் கசங்கலை விரலால் நீவினாள். அது நேராகவில்லை.

“இந்தப் படம் எங்கேருந்து வந்துதுண்ணே?”

“ஆசிரியர்தான் ஒரு கேமரா கார்டு குடுத்தார். ஏன்மா?”

“ஞாயித்துக்கெழம சாயங்காலம்தான் முடி வெட்டிக்கிட்டேன். கடையிலேருந்து வந்து வாசல்ல நின்னப்ப இவர் எடுத்தார். மறுநாள் மத்தியானம் இவர் இல்ல. கேமராவும் இல்ல.” அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “நானே இன்னும் இந்தப் படத்தப் பாக்கல சார்.”

இஸ்திரிப் பெட்டி லேசாகச் சொடக்கிட்டு அணைந்தது.

கொலைகாரன் எடுத்துப்போன கேமராவின் கார்டு ஆசிரியரின் கையில் இருந்திருக்கிறது. நான் தேடிக்கொண்டிருந்த ஒற்றை நூல் இதுதான். ஆனால் கையில் இருப்பது ஒரு கசங்கிய தாள். அதையும் சொன்னேன்.

“இத நாங்களே வீட்டுல அடிச்சோம்பாங்க. நீங்க கோர்ட்டுக்கு வந்து சொல்லணும்.”

பக்கம் போடுபவர் சுவரைப் பார்த்தார். “எனக்கு ரெண்டு பொண்ணுங்க சார். தாள எடுத்துக்கிட்டுப் போங்க. நான் வர மாட்டேன்.”

யாரும் அவரைத் திட்டவில்லை.

“இத அவங்களே அடிச்சு ஊர் பூரா வித்தா? அப்ப நாம அடிச்சதுன்னு சொல்ல முடியாதுல்ல?” என்றாள் அவள்.

எனக்கு அந்த யோசனை ஏற்கெனவே வந்திருந்தது. என் வாயால் சொல்ல விரும்பவில்லை.

“அண்ணன் நாலு மணிக்கு இல்லைன்னு சொல்றான்னு வெச்சுக்குங்க. உடனே இதப் போடுவாங்களாண்ணே?”

பக்கம் போடுபவர் மணிக்கட்டைப் பார்த்தார். கடிகாரம் இல்லாத மணிக்கட்டு. “வெளியூர்ப் பதிப்பு ஆறு மணிக்கு முடியும். புதுசா எழுத நேரமில்ல. இது தயாரா இருக்கு. ‘திடீர்த் திருப்பம்’னு மேல ஒரு வரி சேப்பாங்க. வேற ஒண்ணும் தொடமாட்டாங்க.”

“படத்த?”

“உன் படம் வேற இருக்கான்னு என்கிட்டதான் கேட்டாங்க. இல்லைன்னுட்டேன். இது ஒண்ணுதாம்மா இருக்கு.”

“கொஞ்சம் இருங்க,” என்றேன். நான் அதிகம் பேசிய நாள் அது. “அச்சுல வந்தா வந்ததுதான். ஊர் பூரா படிக்கும். நீங்க செய்யலைன்னு நாளைக்கே தெரிஞ்சாலும் அஞ்சாம் பக்கத்து மூலைல நாலு வரி வரும். அதுவும் வராமப் போகலாம். உங்களக் கைது பண்ணுவாங்க. எத்தன நாள் உள்ள இருக்கணும்னு எனக்குத் தெரியாது. ஜெயிப்போம்னு சத்தியம் பண்ண மாட்டேன்.”

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

“இனிமே எவனும் ரத்தம் குடுக்க என்கிட்டக் கைய நீட்ட மாட்டான்,” என்றாள். பிறகு தாளை அதே மடிப்பில் மடித்து என்னிடம் தந்தாள். “வாங்க போலாம். நாலு மணிக்கு முன்னால போய்ச் சேரணும்.”

*

போகும் வழியில் இரண்டு வேலைகள் முடித்தோம். முடி வெட்டிய பெண்ணிடம் நாளும் நேரமும் எழுதிக் கையெழுத்து வாங்கினாள் அக்கா. கசங்கிய தாளைப் பிரதியெடுத்து வக்கீலிடம் மூன்று உறைகளில் கொடுத்தேன்.

கோர்ட் வராந்தா குறுகலாக இருந்தது. மூன்று ஐம்பதுக்கு அவனைக் கொண்டுவந்தார்கள். இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவில், விலங்கு மாட்டிய கைகளை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நடந்தான். பெரிய உருவம். லிப்ட் கயிறுகளை இழுத்து இழுத்து அகன்ற தோள். முன்னால் இன்ஸ்பெக்டர். அவர் கக்கத்தில் ஒரு பழுப்புக் கவர். அது அவனுக்குத் தெரியும்படிதான் வைத்திருந்தார்.

ஸ்டெனோ அக்கா நேராகப் போய் இன்ஸ்பெக்டருக்குக் குறுக்கே நின்றாள்.

“இன்ஸ்பெக்டர் சார், ஒரு சந்தேகம். அந்த ஊதுபத்தி மல்லிகையா, சந்தனமா? வக்கீல் கேக்கறார். உங்க பட்டியல்ல எழுத விட்டுப்போச்சு.”

“யாரும்மா நீ? தள்ளு.”

“தள்ளறேன் சார். பிரிக்காமலே வாசன தெரியுமான்னு அவருக்கு இன்னொரு சந்தேகம். அதையும் கேட்டுட்டுத் தள்ளறேன்.”

அந்த அரை நிமிடம் போதுமாக இருந்தது. தங்கை அண்ணனுக்கு எதிரே போய் நின்றாள்.

“அண்ணா. அந்தப் பேப்பர நான் பாத்துட்டேன்.”

அவன் தலை நிமிர்ந்தது. 

“உனக்கு ஒண்ணும் தெரியாது. நீ வீட்டுக்குப் போ பாப்பா.”

“முழுசாப் படிச்சிட்டேன். என் வயசுல மூணக் கூட்டிப் போட்டிருக்கானுங்க. போடட்டும்.”

“பாப்பா—”

“போடட்டும்ணா. எனக்கு ஏற்கெனவே ஒருத்தர் போயாச்சு. உன்னையும் குடுத்துட்டு நல்ல பேரோட நான் என்ன பண்றது? உள்ள போய் இல்லைன்னு சொல்லு.”

ஒரு கான்ஸ்டபிள் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினான். இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார். அதற்குள் உள்ளே இருந்து பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மாஜிஸ்திரேட் ஒரு வயதான அம்மாள். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். வாக்குமூலத்தைப் புரட்டினார். ஓர் இடத்தில் புருவம் நெரிந்தது. எந்த இடம் என்று எனக்குத் தெரியும்.

“இது நீங்க உங்க இஷ்டத்துல சொன்னதா?”

மின்விசிறி சுற்றியது. அவன் இன்ஸ்பெக்டரின் கக்கத்தைப் பார்த்தான். பிறகு கூட்டத்தில் தங்கையைத் தேடினான். கண்டுபிடித்தான். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

“இல்லீங்கம்மா.”

“எது இல்ல?”

“நான் சொன்னது இல்ல. எழுதி வெச்சுக் கையெழுத்துப் போடச் சொன்னாங்க. மாப்பிள்ளைய நான் கொல்லலம்மா. அவர் சாவுக்கு என்ன அழக்கூட விடல.”

சொல்லிவிட்டு, அந்தப் பெரிய மனுஷன் கூண்டுக் கட்டையில் நெற்றியை வைத்து அழ ஆரம்பித்தான். மூன்று நாள் அழுகை.

இன்ஸ்பெக்டர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மணி நாலு பதினாலு. ஆறு மணிக்கு இன்னும் நேரமிருந்தது.

அவனை விடவில்லை. போலீஸிடமிருந்து பிரித்து ஜெயிலுக்கு அனுப்பினார்கள், பதினைந்து நாள். அன்றைக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

*

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் வீட்டுக் கதவைத் தட்டினோம். குளித்து, உடுத்தி, பையில் இரண்டு மாற்றுத் துணி எடுத்து வைத்திருந்தாள். மாடிப்படியில் ஏறும்போதே எதிர்வீட்டுக் கதவு திறந்து எங்களைப் பார்த்துச் சாத்திக்கொண்டது. பத்திரிகை எங்களுக்கு முன்பே வந்துவிட்டது.

அக்கா கையிலிருந்த பிரதியை விரித்தாள். மேலே ‘திடீர்த் திருப்பம்’ என்று சிவப்பில் ஒரு வரி. மற்றபடி ஓர் எழுத்து மாறவில்லை. புதன்கிழமை மதியம் அச்சான பக்கத்தில் ‘நேற்றிரவு கைது’ என்று இருந்தது, அதுவும் அப்படியே இருந்தது. இன்னும் கைது செய்யவேயில்லை.

“ஊர் பூரா நமக்காக சாட்சிய அச்சடிச்சு விநியோகம் பண்ணியிருக்கானுங்க,” என்றாள் அக்கா. “வக்கீல் ஒம்பது மணிக்கு அந்த மாஜிஸ்திரேட் அம்மா முன்னால நிப்பார். பேப்பர்காரங்களே இத நம்ம கைல குடுத்திருக்காங்க.”

அவள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. பக்கத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, தலைப்பைப் படிக்காமல், படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது முகத்தில் கசங்கல் இல்லை. வாசலில் நிற்கிறாள். புதிதாக வெட்டிய முடியைக் கையால் மறைக்கப் பார்த்து, முடியாமல் சிரிக்கிறாள். கேமராவைப் பார்க்கவில்லை. கேமராவுக்குக் கொஞ்சம் மேலே பார்க்கிறாள்.

கீழே ஜீப் நின்றது. படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. முதல் மாடி. இரண்டாவது மாடி.

“நல்லா எடுத்திருக்கார்,” என்றாள்.